மாம்பழப் பருவத்து நெஞ்சுத்துணை

மாம்பழ மண்டிக்காரன் மாம்பழம் தின்னக் கூடாது என்று சட்டம் போட்டால் அவன் எங்கேதான் போவான், சொல்லுங்கள். அதுவும் சேலத்தில். அதுவும் சித்திரையில்.

சென்றாயனுக்கு அந்தச் சட்டத்தைப் போட்டவை அவருடைய சிறுநீரகங்கள். இரண்டும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒன்றாகப் படுத்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நிலையத்து நாற்காலியில் சாய்ந்து, இயந்திரம் தன் ரத்தத்தை வாங்கி, அலசி, திருப்பித் தருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆட்டோக்கள் ஓட்டுநர் இல்லாமல் தாமே ஓட ஆரம்பித்துவிட்ட காலம் அது. பழத்தை அறுக்காமலே இனிப்பைச் சொல்லிவிடும் கருவிகூட மண்டிக்கு வந்துவிட்டது. சிறுநீரகத்துக்கு மட்டும் இன்னும் அதே ஊசி, அதே குழாய்.

"அந்தக் கருவி இனிப்பைத்தான் சொல்லும். மணத்தைச் சொல்லுமா? நாரைச் சொல்லுமா?" என்பார் சென்றாயன். ஆகவே லாரி வந்து நின்றதும் கூடைக்கு ஒரு கீற்று அறுத்து, நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் விலை சொல்வார். ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடுவதாக மனைவி ஜெயக்கொடியிடம் சத்தியம் செய்திருந்தார். மல்கோவாவைத் துப்பிய மனிதன் சேலத்தில் இன்னும் பிறக்கவில்லை என்பது ஜெயக்கொடிக்குத் தெரியாதா என்ன!

அந்த வருடம் மட்டும் அது விளையாட்டுக் காரியமாக இல்லை. ஜெயக்கொடி தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கணவருக்குத் தர முன்வந்திருந்தாள். பரிசோதனைகள் எல்லாம் பொருந்திவிட்டன. குறுக்கே நின்றது சென்றாயனின் இதயம்.

"ஏம்மா யாஸ்மின், கெட்டது கிட்னி. நெஞ்சு என்னம்மா தப்புப் பண்ணுச்சு?" என்று கேட்டார், ஊசி போட்டுக்கொண்டிருந்த டெக்னீஷியனிடம்.

"கிட்னி செய்யாத வேலைக்கெல்லாம் நெஞ்சுதாண்ணா அடி வாங்குது. நீங்க குடிக்கிற தண்ணி வெளிய போறதில்ல, ரத்தத்துலயே நிக்குது. அத்தனையும் நெஞ்சு தள்ளணும். தள்ளித் தள்ளி வீங்கிப் போச்சு. ரெண்டு நாள் தண்ணியை நாங்க இங்க ஒரேயடியா உறிஞ்சினா, அது திகைச்சுப் போயிடுது. இதுல உங்க மல்கோவாவுல இருக்குற பொட்டாசியம் வேற ஏறுச்சுன்னா, துடிப்பே தடுமாறும்."

"எனக்கு ஒரு வலியும் இல்லையே?"

"அதாண்ணா பயம். இந்த வியாதியில நெஞ்சு சொல்லாமயே கெடும்."

ஆனி முடியும்போது எக்கோ எடுத்து இதயத்தைப் பார்ப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். வீக்கம் இறங்கி, நெஞ்சு கொஞ்சம் பலப்பட்டிருந்தால் அறுவை சிகிச்சை. இல்லையென்றால் இல்லை. சித்திரையிலிருந்து ஆனி வரை! மாம்பழம் வருகிற நாளெல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது.

முன்பே நிலையத்தில் எல்லாருக்கும் ஓர் எச்சரிக்கைப் பட்டை கொடுத்துப் பார்த்திருந்தார்கள். இதயம் திணற ஆரம்பித்தால் மணிக்கட்டில் தட்டும். தட்டினால் உட்கார வேண்டும், தண்ணீரையும் பழத்தையும் கீழே வைக்க வேண்டும், விடாமல் தட்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டும். ஆனால் யார் கேட்டார்கள்? ஒருவர் அதை அரிசிப் பானைக்குள் புதைத்தார். ஒருவர் ஆட்டுக்குட்டியின் காலில் கட்டிவிட்டார். அவருடைய இதயம் துள்ளிக் குதிப்பதாக நிலையத்துக்குச் செய்தி வந்தது. சென்றாயன், காய் பழுக்க வைத்திருந்த வைக்கோலுக்குள் தன் பட்டையைச் செருகிவிட்டார்.

அப்போதுதான் யாருக்கோ அந்த யோசனை வந்தது. தன் கையில் தட்டினால் மனிதன் அணைத்துவிடுகிறான். அடுத்தவர் கையில் தட்டினால்?

இப்படித்தான் துணைப்பட்டை வந்தது. ஒரு பெட்டியில் நெஞ்சில் ஒட்ட இரண்டு வில்லைகள், மணிக்கட்டில் கட்ட இரண்டு பட்டைகள். சிவப்புப் புள்ளி வைத்த வில்லை சொல்வதைச் சிவப்புப் புள்ளி வைத்த பட்டை கேட்கும், பச்சைக்குப் பச்சை. சிவப்பு வில்லையை ஒட்டியவர் பச்சைப் பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அப்படி மாற்றிக் கட்டினால், என் நெஞ்சு திணறினால் உங்கள் கையில் தட்டும், உங்கள் நெஞ்சு திணறினால் என் கையில்.

"எனக்குத் துணையா வர்றவரு எந்தத் தெரு, என்ன ஆளுங்க?" என்று மூலை நாற்காலிப் பெரியவர் ஒருவர் இழுத்தார்.

"உங்களுக்கு முன்னாடி இந்த மெஷினு யாருக்கு ஓடுச்சுன்னு கேட்டீங்களா ஐயா?" என்றாள் யாஸ்மின். பெரியவர் இருமிவிட்டுக் கையை நீட்டினார்.

புதுப் பொருள் வந்தால் பொட்டு வைக்காமல் தொடுவார்களா நம் ஆட்கள்? முதல் பெட்டியைத் திறந்து, வில்லைகளையும் பட்டைகளையும் மாற்றிக் கொடுக்கத் தோதாகத் தட்டில் அடுக்கி வைத்துவிட்டுப் போனாள் யாஸ்மின். ஜெயக்கொடி சூடம் ஏற்ற வந்தாள். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை கிடப்பது அவள் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. சிவப்பைச் சிவப்போடும் பச்சையைப் பச்சையோடும் ஜோடி சேர்த்து, ஒவ்வொன்றின் தலையிலும் கட்டைவிரலால் குங்குமத்தை அழுத்தி வைத்தாள். புள்ளிகள் எல்லாம் ஒரே சிவப்பாயின. யாஸ்மின் திரும்பி வந்து, தான் அடுக்கியபடியே இருப்பதாக நினைத்து, இந்தப் பக்கம் இருந்ததைச் சென்றாயனுக்கும் அந்தப் பக்கம் இருந்ததைப் பூங்கொடிக்கும் கொடுத்தாள்.

பூங்கொடி செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிறவள். கடுகளவு மணிகளைச் சங்கிலியில் பற்றவைப்பது அவள் வேலை. கணவர் இல்லை. மகன் ஓசூரில். பட்டறை கீழே, வீடு மேலே. சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். சென்றாயனுக்கு அடுத்த நாற்காலிதான் என்றாலும், அதுவரை இருவரும் பேசிக்கொண்டது மின்விசிறியைக் குறைக்கவா கூட்டவா என்பதோடு சரி.

ஒரு வாரத்தில், வெயில் தாங்காமல் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் படியேறியபோது பூங்கொடியின் மணிக்கட்டில் தட்டியது. பதறிப்போய்ச் சென்றாயனுக்குப் போன் போட்டாள்.

"நானா? நேத்துத்தாம்மா டயாலிசிஸ்ல ஈரத்துணி மாதிரி பிழிஞ்சு விட்டாங்க. ஒரு சொட்டு உள்ள போகல. வேணும்னா வீட்டுல கேளுங்க."

"ஆமா பூங்கொடி, நான் எதிர்லதான் காவல் உக்காந்திருக்கேன்" என்று பின்னாலிருந்து ஜெயக்கொடி கத்தினாள்.

பூங்கொடி படியில் உட்கார்ந்தாள். தட்டு நின்றது. எழுந்து ஏறினாள். தட்டியது. ஒவ்வொரு மணியையும் இழுத்துப் பார்த்துத்தான் கொலுசை அனுப்புகிறவள் அவள். இன்னும் ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்தாள். "அட, இது என்னோடதேதானா!"

மறுநாள் யாஸ்மினிடம் சொல்லிவிடலாம் என்று பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். அப்போது போன் அடித்தது.

"ஏம்மா பூங்கொடி! என்னத்தக் குடிச்சுத் தொலைச்சீங்க? டமடமன்னு தட்டுது!" சென்றாயனுக்கு மூச்சு வாங்கியது. "ருசி பாக்கலாம்னு ரெண்டு கீத்து வாயில போட்டு மூணாவதை அறுக்கறேன், நீங்க தட்டுன தட்டுல கத்தியே நழுவிடுச்சு. பழத்தைத் தூக்கிக் கூடையில கடாசிட்டேன். ஒரு உசுரு என் கையில இருக்கறப்ப பழம் இறங்குமா எனக்கு? உட்காருங்க மொதல்ல!"

பூங்கொடி காலையிலிருந்து நாக்கைக்கூட நனைக்கவில்லை. அவளுடைய பட்டை சாதுவாகக் கிடந்தது. தட்டுவது யாருடைய நெஞ்சு என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கூடவே இன்னொன்றும் விளங்கியது. தன் பட்டையை வைக்கோலில் செருகிய மனுஷன், அவளுடையது என்று நினைத்ததும் மல்கோவாவையே கூடையில் எறிந்துவிட்டார். உண்மையைச் சொன்னால் இந்தப் பட்டையும் நாளைக்கு வைக்கோலுக்குத்தான் போகும்.

பேருந்து வந்தது. ஏறாமல் நின்றாள்.

"தப்புத்தாங்ணா. கொஞ்சம் மோர் குடிச்சுட்டேன்."

"கொஞ்சமா? மோரா, ஏரியா?"

"நான் உட்காந்துக்கறேன். நீங்களும் என்கூட உட்காருங்கண்ணா. தனியா உட்காந்தா எனக்கு எந்திரிச்சு ஓடத் தோணும்."

"சரி, உட்காந்துட்டேன். தட்டு நிக்கற வரைக்கும் ரெண்டு பேரும் எந்திரிக்கக் கூடாது."

அன்றிலிருந்து இதே கதைதான். வெயிலில் நின்று சர்பத் குடிப்பார், தட்டும், பூங்கொடியைத் திட்டுவார். ஊறுகாயை வழித்து நக்குவார், தட்டும், திட்டுவார். அவளும் "இனிமே உப்பைத் தொடல, நீங்களும் தொடாதீங்க, அப்பத்தான் எனக்கு வைராக்கியம் வரும்" என்பாள். அவளிடம் சத்தியம் வாங்குவதற்காகத் தானும் சத்தியம் செய்து, செய்த சத்தியத்துக்காக ஊறுகாய் ஜாடியைத் தாண்டிப் போவார். "நாப்பது வருஷம் பக்கத்துல கிடந்து நான் சொல்லாததையா அந்தப் பொம்பளை சொல்லிட்டா?" என்று ஜெயக்கொடி முகத்தைத் தோளில் இடித்துக்கொண்டாலும், உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் பூங்கொடிக்கு இது சும்மா கிடைத்த புண்ணியமில்லை. சென்றாயன் வாய் சும்மா இருக்குமா? நிலையம் முழுக்கப் பரவிவிட்டது. "தண்ணிப் பந்தல் வருது பாரு" என்று அவள் காதுபடவே சிரித்தார்கள். அந்த வேளையில் வருகிறவர்களிலேயே உடம்பில் தண்ணீர் ஏறாமல் வருகிறவள் அவள்தான். எடை பார்த்த யாஸ்மினுக்குக் குழப்பம்: "எடையெல்லாம் சரியா இருக்கேக்கா, பின்ன ஏன் தட்டுது?" பட்டறைச் சூடு போல என்று மழுப்பினாள். மூலை நாற்காலிப் பெரியவர், "தராசையே ஏமாத்துற ஆளு" என்று தீர்ப்புச் சொன்னார். ஒருநாள் டாக்டரும் வந்து, துணையாக இருக்கும் மனிதரை இப்படித் தவிக்கவிடலாமா என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு மட்டும் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வைகாசிக் கடைசியில் இமாம்பசந்து லாரி வந்தது. அன்று தட்டியது மெல்லத் தட்டவில்லை, பறையடித்தது.

"பூங்கொடி! ஏம்மா! நிக்கவே மாட்டேங்குதே!" என்று சென்றாயன் அலறினார்.

பூங்கொடி கையிலிருந்த கொலுசை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். குரலில் மட்டும் பதற்றத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. "ஆமாங்ணா, எனக்கு என்னமோ பண்ணுது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டேன். நீங்களும் வந்து நின்னீங்கன்னா தைரியமா இருக்கும். உடனே வாங்க."

அவளுக்கு முன்னால் அவர் வந்து வாசலில் நின்றார். "வந்ததே வந்துட்டாரு, அவருக்கும் சேர்த்து ரத்தம் பாத்துரு யாஸ்மின்" என்றாள் பூங்கொடி. பார்த்தார்கள். அவள் ரத்தத்தில் ஒன்றுமில்லை. அவருடையதில் பொட்டாசியம் உச்சியில் நின்றது. கையைப் பிடித்து இழுத்துப்போய் இயந்திரத்தில் மாட்டினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் துடிப்பு நின்றிருக்கும் என்றார் டாக்டர்.

"பாத்தீங்களா, உங்களை நினைச்சுப் பயந்து பயந்தே எனக்கு ஏறிப்போச்சு" என்றார் சென்றாயன், படுத்தபடியே.

"என் தலையெழுத்து. மன்னிச்சுக்குங்கண்ணா" என்றாள் பூங்கொடி.

அவர் குழாயில் ஓடும் தன் ரத்தத்தைப் பார்த்தார். பிறகு, "நாளையிலேருந்து நானும் அந்தக் கருவியை வெச்சே இனிப்பைப் பாத்துக்கறேன். நாக்குல வைக்கல. உங்களுக்காகத்தான், தெரிஞ்சுக்குங்க" என்றார். சொன்னபடியே செய்தார். ஆனி முழுக்கத் தட்டு அபூர்வமானது. கால் வீக்கம் வற்றி, பழைய செருப்பு மறுபடி பொருந்தியது.

எக்கோவுக்கு முதல் நாள். மண்டியில் சுமை தூக்கும் ஆட்கள் வர நேரமானது. சென்றாயன் அவசரத்தில் ஒரு கூடையைத் தானே தூக்கினார். தட்டியது. கூடையை வைத்துவிட்டுப் பூங்கொடிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. தட்டு நின்றது. சரி என்று மறுபடி கூடையைத் தூக்கினார். தட்டியது. வைத்தார். நின்றது.

"கூடையைத் தூக்கினது நானு. அந்தம்மா கையில என்ன கூடை இருக்கு?"

சாக்கு மூட்டைமேல் மெல்ல உட்கார்ந்தார். மல்கோவா, சர்பத், ஊறுகாய், இமாம்பசந்து எல்லாம் வரிசையாக வந்து எதிரே நின்றன. 'தப்புத்தாங்ணா' என்ற குரலும் வந்தது. அவருக்கு வெட்கத்தில் காது சுட்டது. அது அடங்குவதற்குள் அடுத்த எண்ணம் வந்து நெஞ்சைப் பிடித்தது. என்னுடையது என் கையில் தட்டுகிறது என்றால், அவளுடையது அவள் கையில்தானே தட்டும்? தனியாக இருக்கிறாள். வேறு யாருக்குத் தெரியும்?

மறுபடி போன் போட்டார். எடுக்கவில்லை.

ஆட்டோவில் பாய்ந்து ஏறினார். "இடத்தைத் தெளிவாகச் சொல்லவும்" என்றது ஆட்டோ. "செவ்வாப்பேட்டை, கொலுசுப் பட்டறை!" "செவ்வாய்ப்பேட்டையில் பல கொலுசுப் பட்டறைகள் உள்ளன." "பூங்கொடி பட்டறைடா, உன்னைப் பெத்தவன் மேல இடி விழ!" கையில் தட்டியது. இந்தமுறை அவர் அதைத் தடவிக் கொடுத்தார். "இரு, இரு. நான் பதறல. நீயும் பதறாத" என்று தன் நெஞ்சுக்கே சொல்லி, மூச்சை நிதானமாக விட்டுக்கொண்டு போனார்.

பட்டறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து கிணுகிணு, கிணுகிணு என்று ஓயாத மணிச்சத்தம். திறந்தால், கல்யாண ஆர்டருக்குச் செய்து முடித்த கொலுசுகள் நிறைந்த பெட்டி ஒன்று மேசைமேல் தானே குலுங்கிக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கினார். கொலுசுகளுக்கு அடியில், கழற்றிச் செருகப்பட்ட துணைப்பட்டை வெறிகொண்டு துடித்துக்கொண்டிருந்தது.

பூங்கொடி சுவரோரம் சாய்ந்து கிடந்தாள். பேச்சுக்கு மூச்சு போதவில்லை.

"அது... என்னோடதுதானேண்ணா. ஆர்டரை முடிச்சுட்டு... பாத்துக்கலாம்னு..."

"என் வைக்கோலும் உங்க கொலுசுப் பெட்டியும் ஒண்ணுதானா?" என்றார் சென்றாயன். அவளைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். ஆட்டோ அவசரம் என்று கேட்டதும் சமர்த்தாகப் பறந்தது.

நுரையீரல்வரை ஏறியிருந்த தண்ணீரைப் பொறுமையாக, நெஞ்சு திகைக்காமல் எடுத்தார்கள். வீட்டில் ஏதோ விசேஷம் என்று சொல்லி முந்தின நாள் டயாலிசிஸுக்கு அவள் வராதது கல்யாண ஆர்டருக்காகத்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. சாயங்காலம் அவள் கண் திறந்தபோது சென்றாயன், ஜெயக்கொடி, யாஸ்மின் மூவரும் எதிரே நின்றார்கள். யாஸ்மின் கையில் பஞ்சு. பட்டைகளைத் துடைத்துப் பார்த்திருந்தாள். குங்குமத்துக்கு அடியில், ஒருவரிடம் இரண்டும் சிவப்பு, இன்னொருவரிடம் இரண்டும் பச்சை.

"நான் மாத்தித்தானே அடுக்கினேன்..." என்று யாஸ்மின் அழப் பார்த்தாள்.

"நான்தான் ஜோடி சேர்த்தேன்" என்றாள் ஜெயக்கொடி, தலையில் கை வைத்து. "பச்சையும் சிவப்பும் கலந்து கிடந்தது நல்லால்லைன்னு..."

"எத்தனை திட்டு திட்டியிருக்கேன்! ஊரே சிரிக்க வெச்சேன். ஏம்மா வாங்கிக்கிட்டீங்க?" என்று கேட்டார் சென்றாயன்.

"உங்க நெஞ்சு தட்டுதுன்னா நீங்க கேக்க மாட்டீங்க. என்னோடதுன்னா மாம்பழத்தையே தூக்கி எறியறீங்க. அப்பறம் எப்படிண்ணா சொல்றது?"

"சரி, எனக்குச் சொல்லத் தெரிஞ்ச புத்தி உங்களுக்கு எங்க போச்சு?"

பூங்கொடி கண்ணை மூடிச் சிரித்தாள். "தன்னோடதுன்னா யாருக்கும் காது கேக்காது போல."

மூலை நாற்காலிப் பெரியவர் எழுந்து வந்தார். தன் சொந்த மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் எக்கோவில் வீக்கம் இறங்கியிருந்தது. டாக்டர் இரண்டு முறை பார்த்துவிட்டுச் சம்மதித்தார். "ஆடி மாசத்துல நல்ல காரியம் செய்யலாமா?" என்று உறவுக்காரர்கள் இழுத்தபோது, "ஆடியிலதான் எல்லாத்துலயும் தள்ளுபடி போடுறாங்க. ஒரு கிட்னி இலவசமா வருதுன்னு வாங்கிக்கட்டும்" என்றாள் ஜெயக்கொடி. அறுவை நல்லபடியாக முடிந்தது. கொடுத்தவள் முதலில் எழுந்து நடந்து, வாங்கியவரை மிரட்டினாள்.

பூங்கொடியின் பெயர் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் வரிசையில் இருக்கிறது. வாரம் மூன்று நாள் அதே நாற்காலிதான். ஆனால் பட்டை விஷயம் மாறிவிட்டது. "எனக்கு இனிமே வில்லை வேணாம். பட்டையை மட்டும் சரியாக் கட்டி விடு" என்று யாஸ்மினிடம் கையை நீட்டினார் சென்றாயன். இந்தமுறை யாரும் பொட்டு வைக்கவில்லை.

ஆவணி பிறந்தது. பருவத்தின் கடைசிப் பழமான நீலம், கடைசிக் கூடையாக வந்தது. ஒரே ஒரு கீற்றுக்கு டாக்டரிடம் உத்தரவு வாங்கியிருந்தார் சென்றாயன். மனைவியை எதிரே உட்காரவைத்து, அறுத்து, தட்டில் வைத்து, முதலில் முகர்ந்து பார்த்து, எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

கையில் தட்டியது.

கீற்றைத் தட்டில் போட்டுவிட்டுப் போனை எடுத்தார். "ஏம்மா பூங்கொடி! என்ன குடிச்சீங்க?"

அந்தப் பக்கம் சொம்பைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "ரெண்டு வாய்... ரசம்."

"ரெண்டு வாயா, ரெண்டு சொம்பா? உட்காருங்க மொதல்ல! அந்த வேலையைத் தூக்கிக் கீழ போடுங்க! எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு!"

பூங்கொடி சிரிப்பது கேட்டது. "இப்பத்தாங்ணா உங்க திட்டு சரியான வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கு."

"சிரிக்காதீங்க. தட்டு நிக்கற வரைக்கும் போனை வெக்க மாட்டேன்" என்று அவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். மணி வேலை, மகன் வருவது, மூலைப் பெரியவரின் புது அலட்டல் என்று பேச்சு போயிற்று. மணிக்கட்டில் தட்டு மெல்ல மெல்லத் தணிந்து, அடங்கியது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், தட்டு காலி. ஜெயக்கொடி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மணம் இருக்கு" என்றாள். "நாருதான் கொஞ்சம் ஜாஸ்தி."